வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: முதலில் பாஸ்போர்ட், அப்புறம்தான் சான்றிதழ்

கேள்வி இதுதான். பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து மெட்ரிக் பள்ளியில் 4 வருடம் பாடம் எடுத்திருக்கிறீர்கள். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போக ஆசை. ஆன்லைன் டெஃபல் சான்றிதழும் (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அதைக் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்று) தாய்லாந்தில் வேலையும் சேர்த்து 1,80,000 ரூபாய் என்கிறார் ஒரு ஏஜென்ட். கட்டலாமா?

கட்ட வேண்டாம். காரணம் அந்த ஏஜென்ட் மட்டுமல்ல, வரிசையே தலைகீழாக இருக்கிறது. முதலில் சான்றிதழை வாங்கிவிட்டு, பிறகு எந்த நாடு எடுக்கும் என்று பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் பல நாடுகளின் விசா விதி உங்கள் ஆங்கிலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் குடியுரிமையைப் பார்க்கிறது. இது அநியாயம்தான். நம் ஊரில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்தவரை ஒதுக்கிவிட்டு, கற்பித்து அனுபவமே இல்லாத ஒருவரைப் பாஸ்போர்ட்டை வைத்து எடுப்பது நடக்கிறது. ஆனால் விதி அப்படி இருக்கும்போது அதைத் தெரிந்துகொண்டு நாட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் பணத்தையும் வருடங்களையும் மிச்சப்படுத்தும்.

தென்கொரியாவில் தனியார் பயிற்சி நிலையங்களுக்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கே. இந்தியர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் அங்கே நுழைய முடியாது. ஒரு சிறு வாசல் மட்டும் உண்டு. இந்தியாவும் கொரியாவும் செய்த பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம். இடங்கள் சொற்பம். சீனாவும் மொழி ஆசிரியர் வேலைக்கு அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் நாட்டவரையே கேட்கிறது. போதாக்குறைக்கு 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் நிறுவனங்கள் மீது அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டால் அந்தத் துறையே சுருங்கிவிட்டது. இந்த இரண்டு நாட்டையும் காட்டி யாராவது பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் வேறு மாதிரி. பள்ளிகளில் கற்பிப்பதற்கான 'இன்ஸ்ட்ரக்டர்' விசாவில் பாஸ்போர்ட் தடையில்லை. ஆனால் எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறீர்களோ அந்த மொழி வழியாக 12 வருடம் படித்திருக்க வேண்டும். தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6-ஆம் வகுப்பிலிருந்து ஆங்கில வழி என்றால் 12 வரை 7 வருடம், பி.ஏ. 3, எம்.ஏ. 2, மொத்தம் 12. எம்.ஏ. இல்லாமல் 2 வருட பி.எட். இருந்தாலும் அதே கணக்கு. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் 'பயிற்றுமொழி ஆங்கிலம்' என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்க வேண்டும். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்பது அதில் இருக்க வேண்டும். பழைய பள்ளி மூடப்பட்டுவிட்டால் மாற்றுச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் உள்ள 'மீடியம்' வரி உதவும். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் முந்தைய ஆண்டே தேர்வு முடித்துவிடும். விசாவுக்கு முன் ஜப்பான் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்றுக்கு உங்கள் சார்பில் வேலை தருபவர்தான் ஜப்பானில் விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் இங்கே விசா.

தாய்லாந்தில் இந்திய ஆசிரியர்கள் உண்மையிலேயே வேலை பார்க்கிறார்கள். முறையான வழி வேலைக்கான நான்-இமிக்ரன்ட் பி விசா, அதன்மேல் ஒர்க் பெர்மிட், பள்ளி என்றால் குருசபா எனும் ஆசிரியர் கவுன்சிலின் அனுமதி. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டவரிடம் டோயிக் எனும் ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணாவது கேட்பது வழக்கம். கல்வியியல் பட்டம் இல்லாதவர்களுக்கு 2 வருடத் தற்காலிக அனுமதிதான் கிடைக்கும். அதை முடிவில்லாமல் நீட்ட முடியாது. உங்களிடம் பி.எட். இருக்கிறது. 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழை விட அதற்குத்தான் அங்கே மதிப்பு. ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். முதல் பருவம் மே நடுவிலும் இரண்டாவது நவம்பர் தொடக்கத்திலும் ஆரம்பிப்பதால் பள்ளிகள் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஆள் தேடும். அஜான் டாட் காம் தளத்தில் பள்ளிகளே நேரடியாக விளம்பரம் போடுகின்றன. சம்பளத்தில் பாகுபாடு வெளிப்படையானது. ஒரே பள்ளியில் ஒரே பாடவேளைக்கு 'நேட்டிவ்', அதாவது ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவர் என்றால் ஒரு தொகை, மற்றவர்க்கு ஒரு தொகை. நம்மவர்களுக்கு விளம்பரங்களில் பெரும்பாலும் 20,000 முதல் 30,000 பாத் வரை பார்க்கலாம். பாங்காக் வாடகையைக் கழித்து, கையில் என்ன நிற்கும் என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

வியட்நாமில் மொழி மையங்கள் ஏராளம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் ஆங்கிலப் பட்டமோ, வேறு பட்டத்தோடு சி1 எனும் உயர்நிலை மொழித் தேர்ச்சியும் கற்பித்தல் சான்றிதழுமோ காட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7.0 என்பது சி1-இன் தொடக்கம். தேர்வு முடிவு 2 வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் வேலை தேடத் தொடங்கும்போது எழுதுங்கள், அதற்கு ஒரு வருடம் முன்னால் அல்ல.

உங்கள் தகுதிக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது வளைகுடா நாடுகளில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளை. துபாய், மஸ்கட், ரியாத், ஜித்தா, தோஹா, குவைத் எல்லாவற்றிலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன. அங்கே 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்ற பேச்சு இல்லை. பி.எட்., அனுபவம், டெமோ எனும் மாதிரி வகுப்பு, இந்த மூன்றையும்தான் பார்ப்பார்கள். பெரும்பாலான இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறப்பதால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நேர்காணல் நடக்கும். ஆண்டு நடுவில் யாராவது விலகினால் செப்டம்பரிலும் இடம் வரும். சில பள்ளிகள் கணவர் விசாவில் ஏற்கெனவே அங்கே இருக்கும் ஆசிரியைகளுக்கு முன்னுரிமை தரும், ஏனென்றால் விசா செலவு மிச்சம். அந்த விளம்பரங்களில் 'ஃபேமிலி விசா ப்ரிஃபர்டு' என்றிருக்கும். அவற்றுக்கு விண்ணப்பித்து நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

மாலத்தீவை மறந்துவிடாதீர்கள். அங்கே அரசுப் பள்ளிகளே ஆங்கில வழியில்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் வெகுகாலமாகப் போய்வருகிறார்கள். சான்றிதழ்களை அந்நாட்டுத் தகுதி ஆணையம் சரிபார்க்கும். போவதற்கு முன் இரண்டு விஷயத்தைக் கேளுங்கள்: எந்தத் தீவு, ஊருக்குப் பணம் அனுப்புவது எப்படி. டாலர் தட்டுப்பாட்டால் மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வங்கிகள் வரம்பு வைக்கின்றன. சம்பளம் கணக்கில் இருந்தும் வீட்டுக் கடனைக் கட்ட முடியாத நிலை அங்கே வருகிறது.

இங்கிலாந்தைப் பற்றி ஒரு தவறான செய்தி சுற்றுகிறது. 2023 பிப்ரவரியில் இந்திய ஆசிரியர்களுக்கு அங்கே ஆசிரியர் தகுதிநிலை பெறும் வழி திறந்தது உண்மை. ஆனால் அது கணிதம், அறிவியல், பிறமொழிகள் கற்பிப்பவர்களுக்கு. ஆங்கில ஆசிரியர்களுக்கு அல்ல. அமெரிக்காவின் ஜே-1 ஆசிரியர் விசாவுக்கு 2 வருட அனுபவமும் அவர்களின் இளங்கலைக்கு இணையான படிப்பும் வேண்டும். 3 வருட பி.ஏ. மட்டும் இருப்பவர்களுக்கு இணைத்தகுதியில் சிக்கல் வரும், பி.எட்.டும் எம்.ஏ.வும் சேர்ந்தால் நிலைமை தேறும்.

இப்போது சான்றிதழ். டெஃபல், டெசால் என்பவை பொதுப்பெயர்கள். உலகம் முழுவதற்கும் அங்கீகாரம் தரும் ஒரே அமைப்பு என்று ஒன்று கிடையாது. அதனால் 'சர்வதேச அங்கீகாரம்' என்ற முத்திரையை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். 3,000 ரூபாய்க்கும் கிடைக்கும், 80,000 ரூபாய்க்கும் கிடைக்கும், இரண்டையும் பள்ளி ஒரே கண்ணோடு பார்க்கலாம். எல்லா இடத்திலும் எடைபோடும் சான்றிதழ்கள் கேம்பிரிட்ஜின் செல்ட்டா, டிரினிட்டியின் செர்ட் டெசால், இரண்டும்தான். செல்ட்டாவில் 120 மணி நேரப் பயிற்சி, நிஜ மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும், 4 எழுத்துப் பணிகள். முழுநேரம் என்றால் 4, 5 வாரம். செலவு லட்சத்தைத் தாண்டும். பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மொழி மையங்களுக்குப் போவதானால் அந்தப் பணம் வீணாகாது. சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போகிறவருக்கு அது தேவையே இல்லை. ஏஜென்ட் பொட்டலத்தில் வரும் சான்றிதழ் இரண்டுக்கும் உதவாது.

வேலை கிடைப்பதும் போவதும் டெமோ வகுப்பில்தான் தீர்மானமாகிறது. பெரும்பாலும் ஜூமில் 10 அல்லது 15 நிமிடம். நம் ஆசிரியர்கள் இங்கே தோற்பது ஆங்கிலம் போதாமல் அல்ல, தாங்களே பேசிக்கொண்டிருப்பதால். உதாரணமாக 'யூஸ்டு டு' கற்பிக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பழக்கமான முறையில் போனால் விதியைச் சொல்லி, சூத்திரத்தைப் பலகையில் எழுதி, 5 உதாரணம் கொடுத்து, 'அண்டர்ஸ்டுட்?' என்று கேட்பீர்கள். 'யெஸ் மிஸ்' என்று பதில் வரும். பத்து நிமிடத்தில் மாணவர் வாயிலிருந்து வந்தது அந்த இரண்டு சொல்தான். பார்த்துக்கொண்டிருப்பவர் அதைத்தான் குறித்துக்கொள்வார்.

மாற்றிச் செய்யுங்கள். ஒரு பழைய சைக்கிள் படம், பக்கத்தில் ஒரு கார் படம். 'ஐ யூஸ்டு டு ரைடு எ பைசிக்கிள்' என்று ஒரே வாக்கியம், இரண்டு முறை. உடனே மூன்று சிறு கேள்விகள்: 'டூ ஐ ரைடு எ பைசிக்கிள் நவ்?', 'டிட் ஐ ரைடு இட் பிஃபோர்?', 'ஒன்ஸ் ஆர் மெனி டைம்ஸ்?' நோ, யெஸ், மெனி டைம்ஸ் என்று பதில் வந்தால் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. புரிந்ததா என்று கேட்கவே வேண்டியதில்லை. இந்தக் கேள்விகளுக்குத் தொழிலில் 'கான்செப்ட் செக்கிங்' என்று பெயர், செல்ட்டா முடித்த தேர்வாளர் இதற்காகவே காத்திருப்பார். அடுத்து உச்சரிப்பு. எழுத்தில் 'டி' இருந்தாலும் அது அடுத்த 'டு'வோடு ஒட்டி 'யூஸ்ட' என்றுதான் ஒலிக்கும். எதிர்மறையில் எழுத்திலும் அந்த 'டி' போய்விடும், 'டிடின்ட் யூஸ் டு'. பிறகு ஒரு மாணவரோடு நீங்களே செய்துகாட்டிவிட்டு, மற்றவர்களை இரண்டிரண்டு பேராகப் பேசவிடுங்கள். வாய்மொழியாக நீண்ட கட்டளை கொடுத்தால் பாதிப் பேருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

உச்சரிப்பில் அமெரிக்கர் போலப் பேச முயல வேண்டாம், அது உடனே தெரிந்துவிடும். சொல்லழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். 'டெவலப்' என்பதில் அழுத்தம் இரண்டாவது அசையில். 'எக்', 'எனி' போன்றவற்றின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் 'ய'கரத்தை நீக்குங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்பது நமக்குக் கேள்வி, அவர்களுக்குச் சந்தேகப்படுவது. பயோடேட்டாவில் 'பாஸ்டு அவுட் இன் 2019' என்று எழுதினால் மயங்கி விழுந்ததாகப் பொருள், 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். அப்பா பெயர், மதம், சாதி எதுவும் வேண்டாம். எந்த வகுப்புகள், வகுப்பில் எத்தனை பேர், வாரம் எத்தனை பாடவேளை, எந்தத் தேர்வுக்குத் தயார்செய்தீர்கள் என்பதெல்லாம் வேண்டும்.

இனி காகிதங்கள். வேலை தேடுவதை விட இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ஆஃபர் வந்த பிறகு தொடங்கி, சேர வேண்டிய தேதி தாண்டி, இடம் வேறொருவருக்குப் போவது அடிக்கடி நடக்கிறது.

பிராவிஷனல் சான்றிதழ் செல்லாது. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல், பட்டத்தை வாங்காமலே பல வருடம் விட்டவர்கள் முதலில் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து அதை வாங்குங்கள். கூடவே பட்டம் உண்மையானது என்று உறுதிசெய்யும் ஜென்யூனினஸ் சான்றும், மதிப்பெண்கள் மொத்தமும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட்டும் கேளுங்கள். அஞ்சல்வழியில் படித்த பட்டம் என்றால் கவனம்: படித்தது ரெகுலரா, தொலைநிலையா என்று வளைகுடாவில் கேட்பார்கள், தொலைநிலைப் பட்டத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை. பட்டத்தை லேமினேட் செய்திருந்தால் இன்னொரு தொல்லை. அத்தாட்சி முத்திரையும் ஸ்டிக்கரும் காகிதத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும், பிளாஸ்டிக் மேல் ஒட்டமாட்டார்கள். வீட்டில் அயர்ன்பாக்ஸ் வைத்துப் பிரிக்க முயன்றால் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் நகல் பட்டம் வாங்குவதே பாதுகாப்பு.

அத்தாட்சிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை, அடுத்து வெளியுறவு அமைச்சகம். அதன்பின் நாட்டைப் பொறுத்தது. ஜப்பான், கொரியா, ஓமன், பஹ்ரைன் போன்றவை அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (தூதரக முத்திரை இல்லாமல் ஒரே அத்தாட்சியை ஏற்கும் நாடுகளின் ஏற்பாடு) இருக்கின்றன, சவுதிக்கும் அது 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் அதில் இல்லை. அங்கே போக, அந்த நாட்டுத் தூதரக முத்திரையும், அங்கே போய்ச் சேர்ந்தபின் அவர்களின் வெளியுறவு அமைச்சக முத்திரையும் வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் திரும்ப முதலிலிருந்துதான். அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், அதன்மேல் சேவை மையத்தின் சிறு தொகை. அதற்கே பல்லாயிரம் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட நம்மை அதிகம் வாட்டுவது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கே. செல்வி', பட்டத்தில் 'செல்வி கே', பாஸ்போர்ட்டில் 'செல்வி' மட்டும், குடும்பப்பெயர் இடம் காலி. நமக்கு மூன்றும் ஒருவர்தான். வெளிநாட்டுக் கணினிக்கு மூன்று பேர். 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் விசிட் விசா தருவதில்லை. பாஸ்போர்ட்டை மறுபதிப்புக்குக் கொடுத்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப்பெயராக விரித்து எழுதச் செய்யுங்கள். சான்றிதழ்களில் உள்ள பெயரும் இதுவும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இதை முதலில் முடியுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்று பாஸ்போர்ட் எண்ணோடு சேர்ந்து வருவதால், அதை வாங்கியபின் பாஸ்போர்ட்டை மாற்றினால் மறுபடி வாங்க நேரும். அந்தச் சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். பல நாடுகள் 6 மாதத்துக்குள் வாங்கியதையே ஏற்கும், அதனால் இது கடைசி.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவரும் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக்கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். 1,80,000 கேட்பவர் சான்றிதழ், பயிற்சி, 'ஃபைல் சார்ஜ்' என்று பிரித்துக் காட்டுவது இந்த வரம்பைத் தாண்டுவதற்காகத்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களை அனுப்புகிறது, அதன் அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள்.

பணத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தாய்லாந்து வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரிலோ லாவோஸிலோ கம்போடியாவிலோ இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த சம்பவங்களைப் பற்றி 2022 முதல் இந்திய அரசு எச்சரித்து வருகிறது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். விசிட் விசாவில் போங்கள், போனபின் மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, பள்ளியின் பெயரைச் சொல்லாமல் ஊரை மட்டும் சொன்னாலோ, டெமோ இல்லாமல் வாட்ஸ்அப்பிலேயே தேர்வு முடிந்தாலோ போகாதீர்கள். எந்த உண்மையான பள்ளியும் நீங்கள் பாடம் எடுப்பதைப் பார்க்காமல் வேலை தராது. பள்ளியின் சொந்த இணையதளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதி, இந்த ஆஃபர் உங்களுடையதா என்று கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது 10 மாதமா, 12 மாதமா என்பது. 10 என்றால் விடுமுறையில் சம்பளம் இல்லை, ஆனால் வாடகையை நீங்கள் கட்டியாக வேண்டும். அடுத்தது அடிப்படைச் சம்பளம். அமீரகத்தில் பணிக்கொடை, முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படும். மொத்தம் 5,000 திர்ஹாம் என்று சொல்லி அடிப்படையை 2,000 என்று போட்டால் அந்தத் தொகையும் அதற்கேற்பச் சுருங்கும். ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டுத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது, ஆகவே 'விசா செலவு சம்பளத்தில் பிடிக்கப்படும்' என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பாடவேளை எண்ணிக்கை, தங்குமிடம், விமான டிக்கெட், முன்கூட்டி விலகினால் அபராதம் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும்.

ஏப்ரலில் வளைகுடாவில் சேர வேண்டுமானால் நவம்பரில் நேர்காணலுக்குத் தயாராக இருக்க வேண்டும். அதற்கு ஜூலையிலேயே பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிசெய்து, ஆகஸ்டில் பட்டத்தையும் ஜென்யூனினஸ் சான்றையும் கையில் வாங்கி, செப்டம்பரில் தலைமைச் செயலக அத்தாட்சிக்குக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆவணத்தையும் கொடுப்பதற்கு முன் இருபக்கமும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மூலப்பிரதியை யாரிடம் கொடுத்தாலும் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.